தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் கடாரத்தின் பெயர்

பாலிக் புலாவ் – தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பினாங்குக் குடும்பங்களின் கைப்பேசியில் இரண்டு படங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று நந்திக்கு முன்னால் எடுத்தது, மற்றொன்று விமானத்துக்கு முன்னால். பள்ளி விடுமுறை வந்தால் மதுரை, பழனி, திருச்சி என்று நீளும் பயணத்தில் தஞ்சைக்கு அரை நாள் ஒதுக்குவது நம்மவர்களின் வழக்கம். அந்தக் கோயிலின் கல்லில் தங்களுக்கு அண்டை மாநிலமான கெடாவின் பழைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கடாரம் என்பதே அந்தப் பெயர். சாண்டில்யனின் ‘கடல் புறா’ படித்தவர்களுக்கு அது கதையில் வரும் ஊர். பாலிக் புலாவிலிருந்து மலை இறங்கி, பாலம் தாண்டி, சுங்கைப்பட்டாணி வழியாகச் சென்றால் சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்த ஊரின் மிச்சங்கள் இருக்கும் மெர்போக்கை அடையலாம். கடாரம் எப்படித் தஞ்சைக் கல்லில் ஏறியது என்று பார்க்கப் புகுந்தால், மேடைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு தவறையும் திருத்திக்கொள்ளலாம். பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் ராஜராஜ சோழன். கடாரத்தின் மீது படை அனுப்பியவர் அவருடைய மகன் முதலாம் ராஜேந்திரன். கோயில் பணி 1010இல் நிறைவு கண்டது. கடாரப் படையெடுப்பு நடந்தது 1025இல். தந்தை கட்டிய கோயிலில் மகனின் வெற்றி பின்னாளில் எழுதப்பட்டது.

யார் கட்டியது என்பதே மறந்துபோன கோயில்

இன்று ராஜராஜன் பெயரைச் சொல்லாமல் இந்தக் கோயிலைப் பேச முடியாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் சொன்னது. காடுவெட்டிச் சோழன் என்று வேறு சிலர் எழுதினார்கள். கட்டியவர் பெயர் சுவரெங்கும் இருந்தும் படிக்க ஆள் இல்லை. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தப்பட்ட ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் இந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்த பிறகுதான் ராஜராஜன் கட்டியது என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. அவருக்குத் துணையாகவும் அவருக்குப் பின்னும் வெங்கையா அந்தப் பணியைத் தொடர்ந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் இந்தக் கோயிலையே அடித்தளமாகக் கொண்டது.

பெயரும் மாறியிருக்கிறது. கல்வெட்டில் கோயிலின் பெயர் ராஜராஜீச்சரம். பிரகதீசுவரர் என்பது பின்னாளில் வழங்கிய வடமொழிப் பெயர். பெருவுடையார் என்று தமிழில் சொல்வது இன்றும் காதுக்கு இதமாக இருக்கிறது.

கல் இல்லாத ஊரில் கற்கோயில்

தஞ்சாவூர் காவிரிப் படுகையின் விளிம்பில் இருக்கும் ஊர். வண்டல் மண்ணும் வயலும் உண்டு, மலை இல்லை. கோயிலுக்கு வேண்டிய கருங்கல் முழுவதும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்தது. மொத்தம் சுமார் 130,000 டன் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. பணி தொடங்கியது 1003 வாக்கில் என்று கொண்டால், இவ்வளவு கல்லும் வந்து, செதுக்கி, ஏற்றி முடிந்தது ஏழு ஆண்டுகளில். இரும்புத் தண்டவாளமும் இயந்திரமும் இல்லாத காலம் அது.

கோயிலின் வெளிச்சுற்று ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். நீளம் அகலத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. நான்கு பந்துத் திடல்களை அதற்குள் விரிக்கலாம். நுழைவாயில்கள் இரண்டு. முதலாவது கேரளாந்தகன் வாயில், சேரரை வென்றதன் நினைவாக வைத்த பெயர். அடுத்தது ராஜராஜன் வாயில். அதைக் கடந்ததும் கண்முன் விமானம் எழுகிறது.

பினாங்குக்காரர்களை முதலில் குழப்புவது இதுதான். ஜோர்ஜ் டவுன் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயத்தை எடுத்துக்கொண்டாலும், தோட்டத்துச் சிறு கோயிலை எடுத்துக்கொண்டாலும், நாம் தொலைவிலிருந்து பார்ப்பது வாசலில் நிற்கும் ராஜகோபுரம். மூலவருக்கு மேலே இருக்கும் விமானம் சிறியது. உள்ளே போனால்தான் தெரியும். தஞ்சையில் இது தலைகீழ். வாசல் கோபுரங்கள் குட்டை. கருவறைக்கு மேலே உள்ள விமானம்தான் வானளாவ நிற்கிறது. உயர்ந்த வாசல் கோபுரம் வைக்கும் வழக்கம் சோழர் காலத்தின் பிற்பகுதியில் வளர்ந்து, பாண்டியர், நாயக்கர் காலங்களில் பெருகியது. நம் நாட்டு ஆலயங்கள் அந்தப் பிந்திய வழக்கத்தின் பிள்ளைகள்.

விமானத்தின் உயரம் 216 அடி என்று பரவலாகச் சொல்வார்கள். நவீன அளவீடுகள் சில இதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டினாலும், 20 மாடி அடுக்குமாடி வீட்டின் உயரம் என்று மனத்தில் வைத்துக்கொள்வதில் பிழையில்லை. அடித்தளம் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். மேலே 13 நிலைகள், ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடச் சற்றுக் குறுகி, உச்சியில் எண்பட்டைச் சிகரம்.

இந்தக் கனத்தைத் தாங்கும் முறை எளிமையானது, துணிச்சலானது. கருவறையைச் சுற்றி ஒரு தடித்த சுவர். இடைவெளி விட்டு, வெளியே இன்னொரு தடித்த சுவர். இரண்டுக்கும் நடுவில் ஆள் நடக்கும் இருட்டு வழி. மேல்தளம் முடியும் இடத்தில் இரு சுவர்களின் கற்களும் வரிசைக்கு வரிசை ஒன்றையொன்று நோக்கி நீட்டப்பட்டு, கடைசியில் சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்த பிறகு இரண்டும் ஒரே அடித்தளம். அதன் மேல்தான் கோபுரம் போல் விமானம் எழுகிறது. அதன் உட்புறம் கூடு. கீழே நின்று பார்ப்பவர்கள் அதை ஒரே கல்மலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கருவறையில் உள்ள லிங்கம் இரண்டு தளங்களின் உயரத்துக்கு எழுந்து நிற்பது. அவ்வளவு பெரிய லிங்கத்தைப் பின்னால் கொண்டுவந்து வாசல் வழியாக நுழைக்க முடியாது. முதலில் லிங்கம், அதைச் சுற்றிச் சுவர் என்றுதான் கட்டியிருக்க வேண்டும்.

நிழலும் எண்பது டன் கல்லும்

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளிப் பேச்சுப் போட்டியில் இன்னும் பிள்ளைகள் முழங்குகிறார்கள். விழும். மாலை நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உச்சியில் உள்ளது 80 டன் எடையுள்ள ஒரே கல், அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்சாரம் கட்டி யானைகள் இழுத்தன என்பது இன்னொரு கதை. சரிவுப் பாதை அமைத்துக் கல் ஏற்றியிருப்பார்கள் என்பதில் பொருத்தம் இருக்கிறது. ஆனால் சிகரம் ஒரே கல் இல்லை, பல துண்டுகளை இணைத்தது என்று நேரில் ஏறிப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் கட்டியவர்களின் திறமை குறைந்துவிடவில்லை. அந்த உயரத்தில் துண்டுகளைப் பொருத்தி ஆயிரம் ஆண்டுகள் நகராமல் நிறுத்துவது, ஒரு பெரிய கல்லை ஏற்றி வைப்பதற்கு எந்த விதத்திலும் இளைத்த வேலை அல்ல.

நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை. நந்தி வளரவில்லை. இன்று மண்டபத்தில் உள்ள, சுமார் 13 அடி உயரமும் 16 அடி நீளமும் கொண்ட நந்தி, நாயக்கர் காலத்தில் வைக்கப்பட்டது. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. நுணுக்கமான வேலைப்பாடுள்ள முருகன் சன்னதி நாயக்கர் கொடை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் குலத்தின் வரலாற்றை 1803இல் மராட்டி மொழியில் இதே கோயில் சுவரில் வெட்டவைத்தார். சோழர் கோயில் என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் இத்தனை பேரின் கை இருக்கிறது.

சுவரில் எழுதிய கணக்குப் புத்தகம்

கட்டடம் கண்ணை நிறைக்கிறது. ஆனால் இந்தக் கோயிலை மற்ற எல்லாக் கோயில்களிலிருந்தும் பிரித்துக்காட்டுவது அதன் எழுத்து. தான் கொடுத்ததையும், அக்காள் குந்தவை கொடுத்ததையும், தன் பெண்டிர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டுமாறு ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் ஆணையிட்டார். அதற்கு முந்திய ஆண்டின் 275ஆம் நாளில்தான் விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்திய செப்புக் குடம் கொடுக்கப்பட்டது. ஆண்டு மட்டுமின்றி நாளும் எண்ணி எழுதியிருப்பதால்தான் கோயில் முடிந்த காலத்தை இன்று 1010 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளுக்குத் தனி எடைக்கல், அதன் பெயர் தட்சிணமேருவிடங்கன். முத்துகளை எண்ணி எழுதியதோடு நிற்கவில்லை. உருண்டை முத்து எத்தனை, முழு உருண்டையில்லாத முத்து எத்தனை, குறையுள்ள முத்து எத்தனை என்று வகை பிரித்திருக்கிறார்கள். இன்று ஆலயத் தேர்தல் என்றாலே கணக்கு வழக்குச் சண்டை என்று சலித்துக்கொள்ளும் நம்மூர்ப் பக்தர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையைத் தரலாம்.

ஒரு விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று வீதம் வைத்து, ஆடுமாடுகளை இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். எந்த இடையர் எத்தனை ஆடு பெற்றார், யார் அவருக்குப் பிணை என்பதெல்லாம் பெயரோடு கல்லில் இருக்கிறது.

கோயிலைச் சுற்றித் தளிச்சேரி என்ற குடியிருப்பு அமைத்து, சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தெற்குச் சிறகு, வடக்குச் சிறகு என்று தெருவும், எத்தனையாவது வீடு என்ற எண்ணும், ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் நிலம். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதியில்லை என்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் உண்டு. திருப்பதியம் பாடுவோர் 48 பேர், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவர். கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், கன்னார் என்று பட்டியல் நீள்கிறது. கோயிலை அமைத்த தச்சரின் பெயரும் இருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்.

இத்தனை பெயர்களிடையே குன்றிலிருந்து கல் சுமந்து வந்தவர்கள் யாரென்று தேடினால் கிடைப்பதில்லை. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் பட்டியலில், வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், சுடுகாடு, குளம் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. சோழர் பொற்காலம் பற்றிப் பேசும்போது இந்த வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். நெல் அனுப்பிய ஊர்களில் சில ஈழத்தில் இருந்தவை என்பதும் அதே சுவரில்தான் உள்ளது.

மூடிக்கிடந்த ஓவியமும் வெறுங்கல்லும்

கருவறைச் சுற்றில் உள்ள இருட்டு வழியில் ராஜராஜன் காலத்து ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் புதிய சாந்து பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு வண்ணம் இருப்பதைக் கண்டு வெளியே சொன்னார். சுந்தரர் வெள்ளையானையில் கயிலைக்குப் போகும் காட்சியும், முப்புரம் எரிக்கும் சிவனின் பெரிய உருவமும் அப்படித்தான் வெளிவந்தன. பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சிதைக்காமல் தனியே உரித்தெடுக்கும் முறையைக் கையாண்டார்கள். இரண்டு காலத்து ஓவியமும் பிழைத்தன. பொதுமக்களுக்கு அந்த வழி வழக்கமாகத் திறப்பதில்லை. வளாகத்தில் உள்ள விளக்கக் கூடத்தில் படங்களைப் பார்க்கலாம்.

மேல்தளச் சுற்றில் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களைச் சிவனே ஆடிக்காட்டுவதுபோல் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்திருக்கின்றன. மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஏன் நிறுத்தினார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. முத்தின் குறையைக்கூட எழுதியவர்கள் இதை எழுதாமல் விட்டது வியப்புத்தான்.

கடாரம் வரும் வரி

ராஜேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டை ஒட்டிய (1030–31) கல்வெட்டு ஒன்றில் அவருடைய வெற்றிகளைச் சொல்லும் நீண்ட மெய்க்கீர்த்தி இருக்கிறது. அலைகடல் நடுவே பல கப்பல்களைச் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைப் படையோடு பிடித்து, அவன் சேர்த்து வைத்த செல்வத்தையும் நகர வாயிலில் இருந்த வித்தியாதரத் தோரணத்தையும் மணிக் கதவுகளையும் கொண்டதாக அது சொல்கிறது. தொடர்ந்து ஊர்ப் பெயர்கள். ஸ்ரீவிசயம் சுமத்திராவில் உள்ள பலெம்பாங். இலங்காசோகம், பட்டாணி வட்டாரத்து லங்காசுகா. மானக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள். பட்டியல் கடாரத்தில் முடிகிறது.

இந்தக் கடாரம் எங்கே என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. ராமநாதபுரம் வட்டாரத்தில் தேடினார்கள். பிறகு பர்மாவில் தேடினார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1918இல் ஸ்ரீவிசயப் பேரரசைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகே கதை நம் பக்கம் திரும்பியது. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் செய்தி உண்டு. பட்டினப்பாலை, புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களில் காழகத்திலிருந்து வந்தவற்றையும் சொல்கிறது. உரை எழுதிய நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே பொருள் கொண்டார். ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர்களுக்கு வழி தெரிந்திருந்தது.

படையெடுப்பின் காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சீனாவோடு நடந்த கடல் வணிகத்தில் ஸ்ரீவிசயம் குறுக்கே நின்றது என்பது பலர் ஏற்கும் விளக்கம். சோழர்களின் தூதுக்குழு 1015இல் சீன அரசவையை அடைந்திருந்தது. காரணம் எதுவாயினும், படையெடுப்புக்குப் பிறகு சோழர்கள் இங்கே தங்கி ஆளவில்லை. மலாய் மொழியின் பழைய வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் ராஜா சூலான், ராஜா சூரான் கதைகளில் மட்டும் சோழர் நினைவு நிழலாக மிஞ்சியிருக்கிறது.

போருக்கு முன்னும் பின்னும்

வெற்றி வரியை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். ராஜேந்திரன் படை அனுப்புவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டத் தொடங்கினார். ராஜராஜன் தம் 21ஆம் ஆட்சியாண்டில் (1005–06) ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு விட்டுக்கொடுத்தார். சூளாமணிவர்மனின் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் பணியை முடித்தார். தந்தை சொல்லால் கொடுத்ததை ராஜேந்திரன் செப்பேட்டில் பொறித்து உறுதிசெய்தார். 21 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேடு ஆனைமங்கலச் செப்பேடு என்றும், நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் வழங்குகிறது. நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர் கோயிலுக்கும் இங்கிருந்து கொடை போயிருக்கிறது. சீனப் பொன் கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது.

சிவன் கோயில் கட்டிய அரசன் புத்த விகாரத்துக்கு ஊர் கொடுக்கிறார். கெடா அரசன் நாகையில் கட்டுகிறார். அதே உறவில் ஒரு தலைமுறைக்குள் போர் வருகிறது. பிறகு வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று அதன் அரசனிடமே திருப்பிக் கொடுக்கிறார். 1090இல் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத் தூதர்கள் வந்து அந்த விகாரத்துக்குரிய உரிமைகளைப் புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் இந்த நூறாண்டுப் போக்குவரத்தைத் தவறவிடுகிறார்கள்.

நாகப்பட்டினம் நம் குடும்பங்களுக்கும் வேறு வகையில் பழக்கமான பெயர். தோட்ட வேலைக்கு வந்த முன்னோர்களில் பல்லாயிரம் பேர் அந்தத் துறையில்தான் கப்பல் ஏறினார்கள். ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்குக்கு வரும். வந்தவர்களைத் தடுத்து வைத்த தீவுகளில் ஒன்று இங்குள்ள புலாவ் ஜெரெஜாக். முன்னோர்களில் தொடக்க காலத்தில் வந்தவர்கள் நாகையில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில், கெடாவின் அரசர் அங்கே எழுப்பிய விகாரத்தின் இடிபாடு இன்னும் நின்றுகொண்டிருந்திருக்கலாம். செங்கல்லால் ஆன உயரமான கோபுரம் அது. சீனர் கோபுரம் என்று ஐரோப்பியர் அழைத்தார்கள். 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு ஏசு சபையினர் அதை இடித்தார்கள். அந்தப் பகுதியிலிருந்து கிடைத்த 350க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள்தான் மிச்சம்.

கெடாவில் மிஞ்சியவை

குனோங் ஜெராய் அடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கை 1840களில் முதலில் ஆராய்ந்து எழுதியவர் ஜேம்ஸ் லோ. 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவியோடு பல இடங்களைத் தோண்டி, கண்ட கட்டடங்களுக்கு எண் கொடுத்தார். அவர் எட்டு என்று எண்ணியது புக்கிட் பத்து பஹாட் சண்டி. பஹாட் என்றால் மலாயில் உளி. சண்டி என்பது பழங்கோயில்களுக்கு இங்கே வழங்கும் சொல். 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் மேற்பார்வையில் அந்த சண்டியை அது இருந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள்.

தஞ்சையைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் ஏமாற வாய்ப்பு உண்டு. விமானம் இல்லை. சிற்பச் சுவர் இல்லை. கல் மேடையும், கருவறைச் சுவரும், முன்மண்டபத்தின் தூண்களை நிறுத்தியிருந்த அடிக்கற்களும்தான் இருக்கின்றன. மேற்கூரை மரமும் ஓலையுமாக இருந்திருக்க வேண்டும். மழை அதிகமான நாட்டில் அது மிஞ்சவில்லை. ஆனால் அமைப்பைப் பார்த்தால் பழகிய முறை தெரியும்: முன்னே மண்டபம், பின்னே கருவறை, அபிடேக நீர் வெளியேறும் வழி. அடித்தளத்தில் கல்லால் ஆன சிறு பேழைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள், அவற்றில் உலோகத் தகடும் மணியும். கோயில் அடிக்கல் சடங்கில் இன்றும் நவமணி வைக்கிறோம்.

இவற்றை ராஜேந்திரன் கட்டினார் என்று சிலர் சொல்லி வருகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. பள்ளத்தாக்கின் கட்டடங்கள் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இந்துக் கோயில்களும் பௌத்தக் கட்டடங்களும் கலந்திருக்கின்றன. கட்டியவர்கள் இங்கிருந்த அரசர்களும் இந்தத் துறைகளுக்கு வந்துபோன வணிகர்களும். சுங்கை பத்துவில் யுஎஸ்எம் தொல்லியலாளர்கள் 2009 முதல் தோண்டி எடுத்த இரும்பு உருக்கு உலைகள், இந்த ஊர் தன் சொந்தத் தொழிலாலேயே செழித்தது என்பதைக் காட்டுகின்றன. வென்றவன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் உலையில் வேலை செய்தவன் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

தஞ்சைக் கோயில் 1987இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்க்கப்பட்டன. ஜோர்ஜ் டவுன் 2008இல் மலாக்காவுடன் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டுக்கும் தொடர்புள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கு அந்த நிலை கிட்டவில்லை. சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளியே தெரிந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நிலம் தனியாருக்குச் சொந்தமானது, அந்த இடம் மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவாகவில்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட விளக்கம். வேல்ஸ் எண் கொடுத்து முக்கால் நூற்றாண்டு ஆகியும் பதிவு நடக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை இந்தியப் பிரதமர் கலந்துகொண்ட விழாவோடு கொண்டாடினார்கள். கடாரத்தில் அதே ஆயிரம் ஆண்டுகளை நினைவுகூர வேண்டுமென்றால், 1980 முதல் மெர்போக்கில் இயங்கிவரும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. பத்து பஹாட் சண்டி அதன் வளாகத்தில், சிறு ஆற்றை ஒட்டி நிற்கிறது. வேறு இடங்களில் கிடைத்த சில சண்டிகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேடு ஏற வேண்டியிருக்கும் என்பதால் முதியவர்களை அழைத்துச் செல்வோர் காலையிலேயே போய்விடுவது நல்லது. தஞ்சைக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கும் குடும்பங்கள் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே கல்வெட்டுச் சுவருக்கு முன் நிற்கும் பிள்ளைக்குக் கடாரம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.